கோடை விடுமுறைக்கு எங்கே? ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, கல்வராயன், கடற்கரை, சொந்த ஊர்: கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

ஏப்ரல் பாதி தாண்டினால் கடலூரிலும் புதுச்சேரியிலும் வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிகிறது, நாலு நாள் லீவு போட முடியும், எங்கே போவது? பிள்ளைகள் ஊட்டி என்பார்கள். கையிருப்பைப் பார்ப்பவர் ஏற்காடு போதும் என்பார். தாத்தாவுக்கு முட்டி வலி, நெடுந்தூரம் உட்கார முடியாது. ஆயாவோ, "இங்கேயே கடல் இருக்கு, எதுக்கு அலையணும்?" என்று கேட்பார். எல்லோர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால்தான் முடிவு தள்ளிப்போகிறது. முடிவு வருவதற்குள் நல்ல அறைகள் நிரம்பிவிடுகின்றன.

வெளியூர் போவதில் என்ன சுகம் என்று யோசித்தால் பெரிய விஷயம் எதுவும் இல்லை. மின்விசிறி இல்லாமல் போர்வைக்குள் தூங்குவது. காலையில் எந்த அவசரமும் இல்லாமல் ஒரு டீ. பிள்ளைகளோடு ஏரியைச் சுற்றி நடப்பது. மூன்று வேளையும் யாரோ சமைத்ததைச் சாப்பிடுவது. உங்கள் நாட்களுக்கும் பணத்துக்கும் இந்தச் சுகம் எங்கே அதிகம் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. எத்தனை இடம் பார்த்தோம் என்ற கணக்கை ஒதுக்கி வையுங்கள்.

## எதை வைத்து அளப்பது?

அங்கே இருக்கும் நேரம். விடுமுறை நாட்களை எண்ணாதீர்கள், போய்ச் சேர்ந்தபின் கையில் இருக்கும் மணி நேரத்தை எண்ணுங்கள். அதிகாலை 4 மணிக்குக் காரில் கிளம்பினால் ஊட்டி போய்ச் சேர மதியம் 3 ஆகும். திரும்பும் நாளில் காலை 7 மணிக்கே இறங்கினால்தான் மாலை 6 மணிக்கு வீடு. மூன்று நாள் பயணத்தில் ஊட்டியில் இருப்பது 40 மணி நேரம். இதே மூன்று நாளை ஏற்காட்டுக்குக் கொடுத்தால், காலை 5 மணிக்குக் கிளம்பி 11:30-க்கு அங்கே இருக்கலாம், கடைசி நாள் மதியம் 3 மணிக்குக் கிளம்பலாம். ஐம்பத்தோரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கிறது. தூங்கும் நேரத்தைக் கழித்துப் பாருங்கள், வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

குளிர்ச்சி. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு, ஆறரை டிகிரி குறையும். எந்த மலைக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் மீட்டர் உயரமுள்ள மலையில் மே மாதப் பகல் இதமாக இருக்கும் என்று நம்பிப் போகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். அங்கே இரவு நன்றாக இருக்கும், பகல் வெயில் வெயில்தான்.

உடன் வருபவர்கள். குழுவில் மிகச் சின்னவரும் மிகப் பெரியவரும்தான் வேகத்தை முடிவு செய்வார்கள். கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்கும் பிள்ளை, அடிக்கடி கழிவறை தேடும் தாத்தா, படி ஏற முடியாத ஆயா. இவர்களை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இடத்தை முடிவு செய்துவிட்டு இவர்களை அதற்குள் திணித்தால் எல்லோருக்கும் சிரமம்.

அடுப்படிக்கு லீவு உண்டா? பலரும் கேட்க மறக்கும் கேள்வி இது. அடுப்பு வைத்த காட்டேஜ் எடுத்தால் செலவு குறையும் என்பார்கள். குறையும்தான். ஆனால் வீட்டில் சமைப்பவர் அங்கேயும் சமைப்பார், பாத்திரம் கழுவுவார். அவருக்கு அது விடுமுறையே இல்லை.

கண்ணுக்குத் தெரியாத செலவு. அறை வாடகை, பெட்ரோல் இரண்டையும் எல்லோரும் கணக்கில் எடுப்பார்கள். நிறுத்துமிடக் கட்டணம், நுழைவுச்சீட்டு, கேமரா கட்டணம், கூடுதல் படுக்கை, டிரைவர் பேட்டா, டிரைவர் தங்குமிடம், அங்கே போய் வாங்கும் ஸ்வெட்டர் எல்லாம் பிறகுதான் நினைவுக்கு வரும். மலையூர்ப் பயணத்தில் இவை சேர்ந்து அறை வாடகையில் பாதியைத் தொட்டுவிடலாம்.

## ஒரு பார்வையில்

| இடம் | உயரம் (மீட்டர்) | ஒருவழித் தூரம் (கி.மீ., சுமார்) | காரில் நேரம் (ஓய்வு சேர்த்து) | மே மாதப் பகல் உச்சம் (சுமார்) | குறைந்தது எத்தனை நாள் |
|---|---|---|---|---|---|
| ஊட்டி | 2,240 | 420 | 10–11 மணி | 22–24° | 5 |
| கொடைக்கானல் | 2,100 | 370–400 | 9–10 மணி | 20–22° | 4 |
| ஏற்காடு | 1,500 | 230–240 | 6–6½ மணி | 28–30° | 2½–3 |
| ஏலகிரி | 1,100 | 200 | 5 மணி | 32–34° | 2 |
| கல்வராயன் மலை | 600–1,200 | 140–165 | 4 மணி | 32–34° | 1–2 |
| நம் கடற்கரை | – | 120-க்குள் | 1–3 மணி | 36–40° | 1–2 |
| சொந்த ஊர் | – | ஊரைப் பொறுத்து | – | 38–40° | விருப்பம் போல் |

## ஊட்டி

ஐந்து நாள் இருந்தால் ஊட்டிக்கு இணை கிடையாது. அதில் தயக்கமே வேண்டாம். மே மாதத்தில் அரசு தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கும். இரவில் 12 டிகிரி வரை இறங்கும் குளிர் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதிசயம். பிரச்சினையெல்லாம் போய்ச் சேர்வதில்தான்.

முதல் விஷயம் இ-பாஸ், அதாவது வெளியூர் வண்டி மலைக்குள் நுழைய இணையத்தில் எடுக்கும் அனுமதிச்சீட்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் நாளொன்றுக்கு நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். பாஸுக்குக் கட்டணம் இல்லை. வண்டி எண், வரும் நாள், திரும்பும் நாள், எத்தனை பேர், எங்கே தங்குகிறீர்கள் என்பதையெல்லாம் பதிய வேண்டும். சொந்தக் காரில் போகிறவர்களுக்குச் சிக்கல் இல்லை. வாடகை வேன் எடுப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் நாள் இரவுவரை எந்த வண்டி வரும் என்று டிராவல்ஸில் சொல்ல மாட்டார்கள், சொன்ன வண்டி கடைசி நேரத்தில் மாறிவிடும், பாஸிலோ பழைய எண் இருக்கும். வண்டி எண்ணை எழுதி வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள். அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. கிளம்பும் வாரத்தில் விதிமுறை மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது விஷயம் மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கி.மீ., காலை 7:10 மணி வண்டி, ஏறச் சுமார் ஐந்து மணி நேரம். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் போட்ட பாதை இது. 2005-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்கும். எஞ்சினின் பல்சக்கரம் அதில் பொருந்தி, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஏறும். எஞ்சின் பின்னால் இருப்பதால் முன் பெட்டியில் உட்கார்ந்தவர்களுக்கு எதிரே காடும் பாலமும் மட்டும்தான் தெரியும். பிள்ளைகள் வாழ்நாள் முழுக்கச் சொல்லும் காட்சி அது.

ஆனால் கடலூரிலிருந்து 7:10 மணி வண்டியைப் பிடிப்பது சுலபம் இல்லை. இரவுப் பேருந்தில் கோவைக்குப் போய், அங்கிருந்து மேட்டுப்பாளையம் பேருந்து பிடித்துப் போவதென்றால், வழியில் அரை மணி தாமதமானாலும் வண்டி போய்விடும். சேலம் போய், நள்ளிரவுக்குப் பின் வரும் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் அது நேரே மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் நேரத்துக்குக் கொண்டு சேர்க்கும். அதைவிட நிம்மதி, முதல் நாள் மாலையே மேட்டுப்பாளையம் போய்த் தங்கிவிடுவது. ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்தான் முன்பதிவு திறக்கிறது, 2024 நவம்பருக்கு முன்பு 120 நாள். மே 10 பயணத்துக்கு மார்ச் 11 காலை 8 மணிக்கு உட்கார வேண்டும். கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். குன்னூர்–ஊட்டிப் பகுதியில் மட்டும் பகலில் சில முறை வண்டி ஓடுகிறது. பல்சக்கரப் பகுதி அதில் வராது, தேயிலைத் தோட்டமும் வெலிங்டனும் லவ்டேலும் வரும்.

மலைச் சாலையில் சீசன் நாட்களில் ஒருவழிப் போக்குவரத்து வைப்பது வழக்கம். குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்குவார்கள். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏற எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்க வேண்டும். பர்னிங் வாடை வந்தால் ஓரம் கட்டி இருபது நிமிடம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏறும்போது வெப்பமானி முள் உயர்ந்தால் ஏசியை நிறுத்தினாலே பெரும்பாலும் இறங்கிவிடும்.

தங்குவதற்கு ஊட்டி நகரத்தைவிடக் குன்னூரோ கோத்தகிரியோ மேல். உயரம் சற்றுக் குறைவு, குளிர் அளவாக இருக்கும், பெரியவர்களுக்கு மூச்சுத் திணறல் குறைவு, நெரிசலும் குறைவு. ஊட்டி நகருக்குள்ளே மே மாதத்தில் இரண்டு கிலோமீட்டர் போக ஒரு மணி நேரம் ஆகும் நாளெல்லாம் உண்டு. இங்கே செலவைக் கூட்டுவது பெட்ரோல்தான். போக வர 840 கி.மீ., சுற்றிப் பார்க்க 90 கி.மீ., லிட்டருக்கு 15 என்று வைத்தாலும் 62 லிட்டர் வேண்டும். ஏற்காட்டுக்கு 36 லிட்டர் போதும். புதுச்சேரியில் பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு என்பதால் டேங்கை அங்கேயே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். பெட்ரோல் தவிர வேறெதையும் புதுச்சேரியிலிருந்து ஏற்றிக்கொள்ள வேண்டாம். மது பாட்டிலோடு தமிழ்நாட்டு எல்லையில் பிடிபட்டால் பயணமே நின்றுவிடும்.

யாருக்குப் பொருந்தும்: ஐந்து நாளும் அதற்கு மேலும் இருப்பவர்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பம், ரயில் டிக்கெட் கையில் வந்துவிட்டவர்கள். யாருக்கு வேண்டாம்: மூன்று நாள் மட்டும் இருப்பவர்கள், கைக்குழந்தையோடு காரில் போக நினைப்பவர்கள்.

## கொடைக்கானல்

ஊட்டியைவிடத் தூரம் சற்றுக் குறைவு, குளிர் அதே அளவு, ஊர் சிறியது. ஏரியைச் சுற்றி ஐந்து கி.மீ. சாலை. காலை 7 மணிக்கு அதில் நடக்கவோ வாடகை சைக்கிள் ஓட்டவோ முடிந்தால் பாதி விடுமுறை அங்கேயே நிறைவேறிவிட்டது. பிரையண்ட் பூங்கா, கோக்கர்ஸ் வாக் இரண்டும் நடக்கும் தூரம்தான். ஏரிக்கு அருகே அறை எடுத்தால் இரண்டு நாள் வண்டியைத் தொடவே வேண்டாம். இதுதான் ஊட்டியிடம் இல்லாத வசதி. அதனால் இங்கே அறையின் இடம், அறையின் அழகைவிட முக்கியம். "ஏரியிலிருந்து ஐந்து நிமிடம்" என்று விளம்பரத்தில் இருந்தால் நடையா, காரா என்று கேளுங்கள்.

வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறும் சாலை நீளமானது, வளைவு ஓயாது. வாந்தி வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பாதைதான் சோதனை. வெறும் வயிற்றோடும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். திண்டுக்கல்லில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, மலை தொடங்க அரை மணிக்கு முன் மருத்துவர் சொன்ன மாத்திரை. முன் சீட்டில் உட்காரவைத்து ஜன்னல் வழியே தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். செல்போனை மட்டும் கையில் கொடுக்காதீர்கள்.

இ-பாஸ் இங்கேயும் உண்டு. 2025-இல் வார நாளுக்கு 4,000 வண்டி, வார இறுதிக்கு 6,000 என்ற அளவு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் இரண்டு மலையிலும் தடை. தண்ணீர் பாட்டில் அட்டைப்பெட்டியோடு போனால் சோதனைச்சாவடியில் இறக்கிவைக்க நேரும். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில்களும் பெரிய தண்ணீர் கேனும் எடுத்துப் போங்கள். மதியம் இரண்டு, மூன்று மணிக்கு மேல் கோடை மழை பிடித்துக்கொள்ளும், எனவே பார்க்க வேண்டியதை முற்பகலில் முடித்துவிடுங்கள். தூண் பாறைக்கு மாலையில் போனால் பனிமூட்டத்தைத்தான் பார்த்துத் திரும்ப வேண்டும்.

யாருக்குப் பொருந்தும்: நான்கு நாள் உள்ள தம்பதிகள், வளர்ந்த பிள்ளைகள், நடக்கப் பிடித்தவர்கள்.

## ஏற்காடு

மூன்று நாள் என்றால் ஏற்காடுதான். கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களில் பெரும்பாலோர்க்கு விடை இதுவாகத்தான் இருக்கும். ஊட்டிக்குப் போக வசதியில்லாததால் ஏற்காடு என்று யாரும் குறைத்து நினைக்க வேண்டாம். தூரத்தையும் குளிரையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு மிகவும் தோதான மலை இது.

கடலூர்க்காரர்களுக்கு வடலூர், நெய்வேலி, விருத்தாசலம், வேப்பூர் வழியாகச் சின்னசேலம் போய், அங்கிருந்து ஆத்தூர், சேலம். புதுச்சேரிக்காரர்களுக்கு விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி வழி. விருத்தாசலத்திலிருந்து சேலத்துக்கு ரயில் பாதையும் இருக்கிறது, பேருந்துக்கும் குறைவில்லை. காரே இல்லாத குடும்பம்கூட பேருந்தில் சேலம் போய், அங்கிருந்து ஏற்காடு பேருந்தில் ஏறிவிடலாம். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும், ரொக்கம் கொடுத்தால் சுங்கச்சாவடியில் இரு மடங்கு.

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை இருக்கும். பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வந்தால் பாதி மயக்கம் தெரியாது. பத்தாவது வளைவுக்கு மேல் ஜன்னலைத் திறந்தால் காற்று மாறியிருப்பது முகத்தில் தெரியும். கூட்டமான வார இறுதிகளில் இந்தப் பாதையை ஏற மட்டும் வைத்து, குப்பனூர் வழியாக இறக்கிவிடுவார்கள். குப்பனூர் வழி சற்றுச் சுற்று, ஆனால் கூட்டம் குறைவு, காபித் தோட்டங்களுக்கு ஊடே வரும்.

பகல் 28, 30 டிகிரி என்பதைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். நிழலில் உட்கார்ந்தால் வியர்க்காது. நம் ஊரில் 32 டிகிரிக்கே சட்டை நனைவது கடலோர ஈரப்பதத்தால். இரவில் மெல்லிய போர்வை வேண்டும், ஸ்வெட்டர் வாங்கும் செலவு இல்லை. முதியவர்களுக்கு இந்த அளவு குளிர்தான் பாதுகாப்பு. ஊட்டிக் குளிரில் மூட்டு வலியும் இளைப்பும் கூடி, அறையை விட்டு வெளியே வராத தாத்தாக்கள் நிறைய.

பார்க்க இடம் குறைவு என்பது ஏற்காட்டின் மீது சொல்லப்படும் குறை. ஏரி, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில், தாவரவியல் தோட்டத்தின் ஆர்கிட் செடிகள். ஒன்றரை நாளில் முடிந்துவிடும். மிச்சம் ஒரு நாள் சும்மா இருக்கக் கிடைக்கிறது, அதற்காகத்தானே போகிறோம்! ஆனால் கிளியூர் அருவியை நம்பிப் போகாதீர்கள். மே மாதத்தில் பெரும்பாலும் பாறைதான் இருக்கும், இறங்கி ஏறும் படிகளும் பெரியவர்களுக்கு ஆகாது.

அறை எடுக்கும்போது கேட்க வேண்டியவை:

- வெந்நீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? காலை 6 முதல் 9 வரை என்றால் ஆறு பேர் குளிக்க அது போதாது.
- செக்-இன் பகல் 12-க்கா? காலையிலேயே வந்துவிட்டால் பெட்டியை வைத்துக்கொள்ள இடம் தருவார்களா?
- எந்த வயது வரை பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை? கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு?
- வண்டி அறை வரை வருமா, இல்லை படி ஏற வேண்டுமா?
- இரவு எட்டரைக்கு மேல் சாப்பாடு கிடைக்குமா? மலையூரில் கடைகள் சீக்கிரம் அடைத்துவிடும்.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'தமிழ்நாடு ஹோட்டல்' ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு மூன்றிலும் இருக்கிறது. இடத்தேர்வு பொதுவாக நல்லது, ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கம். சீசனில் சீக்கிரம் நிரம்பும். மே மாதக் கோடை விழா நாட்களில் மலைக்கு மேலே கூட்டம் தாங்காது, அந்த வாரத்தைத் தவிர்த்தால் அதே அறை குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

யாருக்கு வேண்டாம்: கடுங்குளிர் வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள், ஏற்கெனவே இரண்டு மூன்று முறை போய்வந்தவர்கள்.

## கல்வராயன் மலையும் ஏலகிரியும்

கல்வராயன் நமக்கு மிக அருகில் இருக்கும் மலை. கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை. காலை கிளம்பி இரவு திரும்பவும் முடியும். கூட்டம் இல்லை, வழியில் கோமுகி அணை, மேலே கரியாலூர் படகுத்துறை. தங்க நல்ல அறைகள் குறைவு என்பதால் இடம் உறுதியான பிறகே இரவுத் தங்கலுக்குத் திட்டமிடுங்கள். பெட்ரோல் கள்ளக்குறிச்சியிலேயே போட்டுக்கொள்ளுங்கள், பல இடங்களில் செல்போன் சிக்னல் இருக்காது. மேகம், பெரியார் அருவிகளுக்கு மழைக்குப் பிறகு போக வேண்டும், கோடையில் தண்ணீர் நூலாகத்தான் விழும். நண்பர்கள் நாலு பேருக்கு அருமையான இடம், கைக்குழந்தையோடு போக ஏற்றதில்லை.

ஏலகிரிக்குப் பதினான்கு வளைவுகள்தான், ஏறுவது எளிது. பகல் வெயில் கடுமை, இரவு நன்றாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: நம் பக்கத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாகப் போக வேண்டும். பௌர்ணமி நாளில், அதிலும் சித்ரா பௌர்ணமியில், கிரிவலக் கூட்டத்தில் மாட்டினால் மூன்று மணி நேரம் நகராது. நாட்காட்டியைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள்.

## நம் கடற்கரையிலேயே

கடலூர்க்காரர்கள் புதுச்சேரியில் இரண்டு இரவு, புதுச்சேரிக்காரர்கள் தரங்கம்பாடியில் ஓர் இரவு என்று தங்கினால் பயணக் களைப்பு என்ற பேச்சே இல்லை. வார நாளில் போனால் அறை வாடகையும் இறங்கும். வெள்ளி இரவு முதல் ஞாயிறு வரை சென்னை, பெங்களூர் வண்டிகள் வந்து நிரப்பிவிடும்.

இங்கே வெற்றி தோல்வி நேரத்தில்தான் இருக்கிறது. காலை 5:30 முதல் 8:30, மாலை 5 முதல் இரவு 9. இந்த இரண்டு பொழுதையும் வெளியில் செலவிட்டு, நடுவே உள்ள நேரத்தை ஏசி அறையிலோ அருங்காட்சியகத்திலோ கழிக்க வேண்டும். மே மாதத்தில் கடற்காற்று பகல் ஒரு மணிக்குள் கரையேறினால் வெயில் 36, 37 டிகிரியில் நிற்கும். மேற்கிலிருந்து வரும் மேல்காற்று வலுத்து, கடற்காற்று தாமதமானால் 40-ஐத் தொடும். அன்றைக்கு வெளியே காலடி வைக்க முடியாது. எனவே இந்தத் தேர்வில் ஏசி உள்ள அறை கட்டாயம், அங்கே மிச்சம் பிடிக்க நினைத்தால் எல்லாம் கெட்டது.

பிச்சாவரத்துக்கு முதல் படகில் போங்கள். துடுப்புப் படகு எடுத்தால் சதுப்புநிலக் காட்டின் குறுகிய கால்வாய்களுக்குள் நுழையும், மோட்டார் படகு அகலமான நீரிலேயே சுற்றித் திரும்பிவிடும். பத்து மணிக்கு மேல் உள்ளே காற்று அசையாது. ஆரோவில்லில் மாத்ரிமந்திர் உள்ளே போக முன்பதிவு வேண்டும், செவ்வாயன்று கிடையாது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை முதல் காலை வரை வண்டிகள் வராது என்பதால் சின்னப் பிள்ளைகளைப் பயமில்லாமல் ஓடவிடலாம். ஆனால் கடலில் இறக்காதீர்கள். அலை உடையாமல் ஓரிடத்தில் மட்டும் நீர் அமைதியாகத் தெரிந்தால் அங்கேதான் இழுப்பு இருக்கும், பலர் அதையே பாதுகாப்பான இடம் என்று நினைத்து இறங்குகிறார்கள்.

மீன் சாப்பாட்டுக்காகவே வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு, ஃபைபர் படகு மீன்தான் வரும், அதனால் அளவு குறைவு, விலை அதிகம். ஹோட்டலில் வஞ்சிரம் என்றால் எப்போது வந்த மீன் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். காலையில் கரைக்கு வரும் நெத்திலியும் காலாவும் அந்த நாட்களில் நம்பிச் சாப்பிடலாம்.

யாருக்குப் பொருந்தும்: கைக்குழந்தை, கர்ப்பிணி, நெடுநேரம் உட்கார முடியாத பெரியவர்கள், இரண்டு நாளுக்கு மேல் லீவு கிடைக்காதவர்கள்.

## சொந்த ஊர்

ஆயா வீட்டுக்குப் போவதைச் செலவில்லாத விடுமுறை என்று சொல்வார்கள். பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் வேறில்லை என்பது உண்மை. சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் என்று பத்துப் பேர் சேர்ந்துவிட்டால் மலையும் வேண்டாம், கடலும் வேண்டாம். நுங்கும் மாம்பழமும் பண்ருட்டிப் பலாவும் ஒன்றாகக் கிடைக்கும் காலமும் இதுதான்.

பலாப்பழம் வாங்கும்போது முள்ளைப் பாருங்கள். முள் நெருங்கிக் கூராக இருந்தால் காய், விரிந்து மழுங்கியிருந்தால் முற்றியது. தட்டினால் கனத்த, பொத்தென்ற சத்தம் வர வேண்டும். அறுக்கும் முன் கத்திக்கும் கைக்கும் நல்லெண்ணெய் தடவி, செய்தித்தாளுக்குப் பதில் பழைய சாக்கை விரியுங்கள், பால் ஒட்டினால் தாள் பிய்ந்து சுளையோடு வரும். நடுத்தண்டின் பாலைத் துணியால் துடைத்தெடுத்துவிட்டால் பிள்ளைகளே சுளை பிரிப்பார்கள்.

செலவில்லை என்பதுதான் தவறான கணக்கு. அந்த வீட்டில் ஆயாவோ சித்தியோ பதினைந்து பேருக்கு மூன்று வேளை சமைக்கிறார். பணச் செலவு நமக்கு இல்லாமல் அவர்கள் தலையில் விழுகிறது. போகும்போதே ஒரு சிப்பம் அரிசி, எண்ணெய், மளிகை வாங்கிப் போங்கள், ஒரு காஸ் சிலிண்டருக்குப் பணம் கொடுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை வந்தவர்கள் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள், ஆண்களும் சேர்த்துத்தான். ஒரு நாள் இரவு எல்லோருக்கும் கடைப் பரோட்டா வாங்கினால் சித்திக்கும் ஒரு வேளை லீவு.

போர் செட் குளியலுக்கு மோட்டார் ஓடும் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கிணற்றுக்கும் ஏரிப் பள்ளத்துக்கும் பிள்ளைகளைத் தனியே அனுப்பக் கூடாது. நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும், கையில் கயிறும் காற்றடைத்த டியூபும் இருக்கட்டும். மண் எடுத்த ஏரியில் முழங்கால் ஆழம் இருக்கும் இடத்துக்கு அடுத்த அடியிலேயே ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கும்.

## எந்த நாளில் கிளம்புவது?

இடத்தைவிட நாள்தான் பணத்தை மிச்சப்படுத்துகிறது. ஏப்ரல் கடைசி வாரமும் ஜூன் முதல் வாரமும் மலையூர்களில் நெரிசல் குறைவு. மே நடுவில் அக்னி நட்சத்திரமும் மலர்க் கண்காட்சிகளும் சேர்ந்து வரும்போது எல்லாமே உச்சத்தில் இருக்கும். ஞாயிறு கிளம்பி வியாழன் திரும்புவது நல்லது, வெள்ளி கிளம்பி ஞாயிறு திரும்புவதுதான் மிக மோசம். ஏப்ரலிலேயே புதிய வகுப்பு தொடங்கி மே மாதம் லீவு விடும் பள்ளிகள் புதுச்சேரியில் நிறைய. கடலூர்ச் சொந்தங்களோடு சேர்ந்து போவதென்றால் இரு பக்கப் பிள்ளைகளின் தேதியையும் முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள், பொதுவான நாள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கும். ஜூன் பிறந்தபின் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடலாம், குடை வேண்டும். அந்த வாரத்துக்கும் ஏற்காடுதான் நம்பிக்கையான இடம். குற்றாலம் போக நினைப்பவர்கள் ஜூன் பாதிக்குமேல் யோசிக்கலாம், மே மாதம் அதற்குக் காலம் இல்லை.

புதுச்சேரி எண் கொண்ட வாடகை வண்டி என்றால் தமிழ்நாட்டுப் பெர்மிட் இருக்கிறதா, அந்தச் செலவு யாருடையது, டிரைவர் பேட்டா ஒரு நாளுக்கா ஓர் இரவுக்கா, மலையில் ஏசி போடுவாரா என்று நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரயிலில் ஐந்து முதல் பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தனி இருக்கை கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி. இரவுப் பயணத்தில் பாதிக் கட்டணத்துக்கு ஆசைப்பட்டால் தாயும் பிள்ளையும் ஒரே பெர்த்தில் விடிய விடியக் கண் விழிக்க வேண்டும், மறுநாள் முழுக்க இருவரும் அறையில் தூங்குவார்கள். அறைக்கு முன்பணம் கட்டும்போது எத்தனை நாளுக்கு முன் ரத்து செய்தால் பணம் திரும்பும் என்பதைக் கேட்டு, இ-பாஸ் கிடைக்கும் என்று உறுதியான பிறகு மீதியைக் கட்டுங்கள்.